அபிஷேகத் தண்ணீரை நம்பிய எர்த்

காலை ஏழு மணி ஐந்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது பிலோமினா அக்காவின் கால்கள். அவை தரையில் இல்லை. கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் காய்கறிக் கூடையின் மேல், ரப்பர் செலிப்பார் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. வலது கையில் நீளமான மர அகப்பை. அதன் நுனியால் அரைக்கும் இயந்திரத்தின் சுவிட்சைத் தட்டினார். தேங்காய்ச் சட்னி சுழலத் தொடங்கியது.

"என்னாக்கா, சர்க்கஸ் காட்டுறீங்களா?" என்றேன்.

"மெஷின் கடிக்குது தம்பி."

"கடிக்குதுன்னா?"

"கடிக்குதுன்னா கடிக்குது லா. சிங்க் பைப்பும் கடிக்குது. நீ வருவேன்னு சொன்னாங்க. நீ வர்ற வரைக்கும் சட்னி காத்துக்கிட்டு நிக்குமா?"

இது நடந்த கோயில் சிரம்பானிலிருந்து போர்டிக்சன் போகும் வழியில், ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. தோட்டத்து லயங்களில் இப்போது தமிழர் வீடு மூன்றுதான். மற்றவர்கள் செனாவாங்கிலும் ரஹாங்கிலும் இருக்கிறோம். பங்குனி மாதத்தில் மாரியம்மன் திருவிழாவுக்கு எல்லோரும் திரும்பி வருவோம். வருகிறவருக்கு ஆளுக்கொரு வேலை உண்டு. பிலோமினா அக்கா ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனால் அந்தத் தோட்டத்தில் பிறந்தவர் என்பதால் அன்னதானச் சமையல் அவருடையது. எனக்கு மின்சாரம். பதினோரு ஆண்டுகளாக அந்தக் கோயிலின் ஒவ்வொரு வயரும் என் கைவேலை. அதை அப்போது பெருமையாகச் சொல்வேன். இப்போது வாக்குமூலமாகச் சொல்கிறேன்.

புதிதாக வயர்மேன் லைசென்ஸ் எடுத்திருக்கும் உங்களுக்கு, கசியும் மின்சாரத்தை மண்ணில் இறக்கும் எர்த் பற்றி நான் பாடம் நடத்தப் போவதில்லை. அது உங்கள் புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. என் புத்தகத்திலும் இருந்தது. அதெல்லாம் தெரிந்த ஒருவன், ஆபத்து கண்ணெதிரே நிற்கும்போது ஒன்பது நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதை மட்டும் சொல்கிறேன். ஓய்வு பெறுவதற்கு மூன்று ஆண்டு முன்னால் நடந்தது. அனுபவம் போதாததால் நடந்தது என்று சொல்ல வழியில்லை.

மின்சாரம் பட்டால் விளக்கு எரியும் டெஸ்ட் பென்னை எடுத்து இயந்திரத்தின் உடலில் வைத்தேன். எரிந்தது. இயந்திரம் பழசு, நோய் அதில்தான் என்று முடிவு செய்து பிளக்கைப் பிடுங்கினேன். பாதி அரைபட்ட சட்னியைப் பார்த்து அக்கா ஏதோ சொன்னார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. வேலை முடிந்த திருப்தியோடு, கடமைக்காக, சிங்க் குழாயிலும் பென்னை வைத்தேன். எரிந்தது.

அடுத்து நான் சந்தேகப்பட்டது டெஸ்ட் பென்னை. மர மேசையில் வைத்தேன், எரியவில்லை. தேங்காய் மூடியில் வைத்தேன், எரியவில்லை. மறுபடியும் குழாயில் வைத்தேன், எரிந்தது. பென் நல்ல பென். பிறகு மண்டபத்துக்குள் போனேன். இரும்புக் கதவில் எரிந்தது. மணி தொங்கும் கம்பியில் எரிந்தது. கடைசியாக வாசற்படிக்கு வந்தேன். படிகள் ஏழு. அவற்றின் நடுவே மேலிருந்து கீழ்வரை எவர்சில்வர் கைப்பிடிக் கம்பி. அதிலும் எரிந்தது.

இந்தக் கம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பால்குடம் எடுத்து வரும் பெண்களின் காலில் கீழ்ப்படிக்கு முன்னால் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். ஈரக் காலோடு, தலையில் குடத்தோடு, டைல்ஸ் போட்ட படியில் ஏற வேண்டும். இரண்டு ஆண்டு முன்பு ஒரு பெண்மணி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதன் பிறகுதான் கம்பி வந்தது. குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கம்பியைப் பிடித்து ஏறுவார்கள். செருப்பில்லாத ஈரக் கால் மண்ணில் இருக்கும், ஈரக் கை உலோகத்தில் இருக்கும். மின்சாரத்துக்கு இதைவிட வசதியான ஏற்பாட்டை யாரும் செய்து கொடுக்க முடியாது.

பால்குட ஊர்வலம் ஆறரைக்கே தோட்டத்து முச்சந்தியிலிருந்து புறப்பட்டுவிட்டது. எட்டு மணி வாக்கில் வந்து சேரும். நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள். என் மனைவி சரோஜாவும் அதில் இருந்தாள். என் முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக அவள் வைத்த வேண்டுதல்.

மணி ஏழு பத்து.

இப்போது செய்ய வேண்டியது உங்களுக்குத் தெரியும். உங்கள் முகங்களைப் பார்த்தால், இவ்வளவு நேரம் ஏன் அந்தக் கிழவன் மெயினை இறக்கவில்லை என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. முதலில் இறக்கு, பிறகு யோசி. இதை என் வாயால் நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். அன்று நான் அதைத் தலைகீழாகச் செய்தேன். காரணம், மெயின் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும்.

முந்தின ஆண்டு ரத ஊர்வலத்தன்று மழை. தொடர்விளக்குகள் நனைந்துவிட்டன. பெட்டிக்குள் இ.எல்.சி.பி. இருக்கிறதே, மின்சாரம் கொஞ்சம் தப்பான வழியில் கசிந்தாலும் பட்டென்று வெட்டிவிடும் அந்தச் சுவிட்ச், அது தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. நான் ஏற்ற, அது விழ, நான் ஏற்ற, அது விழ. கோயில் தலைவர் வந்து, "ஏதாவது செய்யுங்க" என்றார். வாடிக்கையாளர் சொல்லும் வார்த்தைகளில் மிக ஆபத்தானது இதுதான். அவர் வெளிச்சத்தைக் கேட்கிறார். எதைச் செய்வது என்பதை நம்மிடம் விட்டுவிடுகிறார். நான் உள்ளே வரும் வயரையும் வெளியே போகும் வயரையும் ஒரு குறுக்கு வயரால் இணைத்துவிட்டேன். சுவிட்ச் பெட்டியில் இருந்தது, வேலையில் இல்லை. நாளைக் காலையில் கழற்றிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலை அன்னதானத்தில் இரண்டாம் முறை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். ஓர் ஆண்டு போயிற்று.

அந்தத் துணிச்சலுக்கும் ஒரு காரணம் உண்டு. என் எர்த் மேல் எனக்கிருந்த கர்வம்.

நம் பக்கத்துத் தோட்டங்களில் எர்த் தண்டு அடித்தவர்களுக்குத் தெரியும். நாலு அடிக்குக் கீழே செங்கல் மாதிரி மண். சம்மட்டியால் அரை நாள் அடித்தால் தண்டு வளையும், மண் வளையாது. மீட்டரில் எண் குறைவாக வந்தால்தான் நல்ல எர்த்; இங்கே வரும் எண்ணைப் பார்க்க மனம் வராது. சிலர் சோதனை அதிகாரி வருவதற்கு முன்னால் தண்டைச் சுற்றி நாலு வாளி தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். ஈர மண் மின்சாரத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும், எண் இறங்கிவிடும். அப்படிச் செய்கிறவர்களை நான் கேலி செய்திருக்கிறேன்.

இந்தக் கோயிலில் நான் கருவறைக்குப் பின்பக்கம் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தேன். தண்டு கொழுக்கட்டை மாவில் குச்சி இறங்குவதுபோல் இறங்கியது. இரண்டு தண்டு அடித்தேன். மீட்டரில் ஒற்றை இலக்கம், அதிலும் சின்ன எண். கைப்பேசியில் படம் எடுத்து மச்சானுக்குக் காட்டினேன். மச்சான் மீன் வியாபாரி. அவருக்கு அது என்னவென்று தெரியாது. ஆனாலும் காட்டினேன். இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஒரு கண் இருக்கிறது என்று அவரிடம் சொன்னதாக நினைவு.

அந்த இடம் அபிஷேகத் தண்ணீர் வெளியே வந்து விழும் இடம். தினமும் இரண்டு வேளை தண்ணீர், வெள்ளி செவ்வாயில் பால், இளநீர், திருநீறு. மற்றவர்கள் சோதனைக்கு முன்னால் வாளியில் ஊற்றினார்கள். எனக்காக அம்மன் தினமும் ஊற்றிக்கொண்டிருந்தாள். அதை நான் என் திறமை என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

ஆகவே என் கணக்கு இது: இ.எல்.சி.பி. இல்லாவிட்டால் என்ன, இப்படி ஓர் எர்த் இருக்கும்போது பழுது வந்தால் மின்சாரம் முழுதும் மண்ணுக்குப் பாயும், பியூஸ் தானாகப் போகும். கணக்கு சரிதான், மண் ஈரமாக இருக்கும்வரை.

வாசற்படிக்குத் திரும்புவோம். டெஸ்ட் பென்னோடு நின்றிருந்த என்னிடம் தலைவர் வந்தார். தோட்டத்தில் கணக்கு எழுதிய பழைய கிராணி. வேலையை விட்டு இருபது வருடமாகியும் எல்லோருக்கும் அவர் கிராணி ஐயாதான்.

"கிராணி ஐயா, ஒரு அஞ்சு நிமிஷம் கரண்ட்ட நிறுத்தலாமா?"

"எதுக்கு?"

"ஒரு சின்ன வேலை."

"பால்குடம் வர்ற நேரத்துல அம்மன் பாட்டு நிக்கக் கூடாது. என்னா அப்படி சின்ன வேலை?"

"கம்பி லேசா சுர்ருங்குது."

அவர் சட்டென்று கம்பியைத் தொட்டார். நான் தடுக்கும் முன்னால் தொட்டுவிட்டார். தோல் செருப்பு, காய்ந்த தரை. கையை எடுத்து விரல்களைப் பார்த்தார்.

"இதுவா? எனக்கு அஞ்சு வருஷமா சுர்ருங்குது. சுகர்."

உள்ளிருந்து பூசாரியும் ஒத்துக்கொண்டார். மணியைத் தொட்டபோது காலையில் அவருக்கும் ஒரு மாதிரி இருந்ததாம். "இன்னிக்கு அம்மன் துடியா இருக்கா" என்றார்.

அந்த இடத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் உண்மை தெரியும். அவன் சிரித்து வைத்தான்.

ஒன்பது நிமிடத்துக்குக் கணக்கு தருகிறேன். கிராணியோடு மூன்று நிமிடம். ஸ்க்ரூடிரைவரைத் தேட இரண்டு நிமிடம். அது என் சட்டைப் பையில் இருந்தது. மெயின் பெட்டி முன்னால் நின்று, மூடியைத் திறந்தால் குறுக்கு வயரை யார் யார் பார்ப்பார்கள் என்று எண்ணியது நான்கு நிமிடம். என் திட்டம் இதுதான்: யாராவது மெயினை இறக்கச் சொல்லும்படி செய்துவிட்டு, சத்தமில்லாமல் வயரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "பழைய மெஷின், அதான்" என்று சொல்லிவிடுவது. அந்த நான்கு நிமிடத்தில் இரண்டு குழந்தைகள் வாசற்படியில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

பெட்டி சமையல்கட்டு வாசலுக்குப் பக்கத்தில். அக்கா அகப்பையோடு வெளியே வந்தார்.

"ரெண்டு அண்டா தண்ணி புடிக்கணும், பைப்பத் தொட முடியல. நீ என்னா சாமி கும்புடுற மாதிரி பொட்டியப் பாத்துக்கிட்டு நிக்கிற? இதானே மெயினு?"

"ஆமாக்கா, ஆனா அது…"

அகப்பையால் ஒரே தட்டு. மெயின் இறங்கியது. பாட்டு பாதி வரியில் நின்றது. விசிறிகள் மெதுவாகச் சுற்றி அடங்கின. மணி ஏழு பத்தொன்பது.

"யாரு லா அது!" என்று மண்டபத்திலிருந்து கிராணியின் குரல். அவர் வந்தார். மைக்செட் குமாரும் வந்தான். பூசாரி வந்தார். பந்தல்காரர்கள் வந்தார்கள். நான் பயந்த ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். மூடியைத் திறந்தேன். குறுக்கு வயர் சிவப்பு. மறைக்கும் எண்ணம் இருந்தவன் வேறு நிறத்தில் போட்டிருக்கலாம்.

"இது என்னா?" என்றார் கிராணி.

சொன்னேன். எப்போது போட்டேன், ஏன் போட்டேன், என்ன மறந்தேன், எல்லாம். "நீங்கதான் ஏதாவது செய்யச் சொன்னீங்க" என்ற வாக்கியம் நுனி நாக்குவரை வந்தது. அதை விழுங்கியது அன்று காலை நான் செய்த முதல் சரியான காரியம்.

கிராணி தன் விரல்களை மறுபடி பார்த்தார். பிறகு, "அப்ப சுகர் இல்லையா?" என்றார்.

குறுக்கு வயரைக் கழற்றினேன். இனி பழுது எங்கே என்று பார்க்க வேண்டும். கம்பிக்கும் குழாய்க்கும் மணிக்கும் கதவுக்கும் நான்தான் பச்சை வயர் இழுத்து எல்லாவற்றையும் ஒன்றாக எர்த்தில் சேர்த்திருந்தேன். அது சரியான வேலை, அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் எங்கோ ஓர் இடத்தில் மின்சாரம் அந்தப் பச்சை வயருக்குள் புகுந்துவிட்டது. மண் அதை வாங்கிக்கொள்ளவில்லை. வாங்காத மின்சாரம் பச்சை வயர் வழியே ஒவ்வொரு உலோகத்துக்கும் போய் நின்றது. பாதுகாப்புக்காகப் போட்ட வயர், விநியோகம் செய்தது. மிக நன்றாகவே செய்தது. ஓர் இணைப்புகூடத் தளரவில்லை.

"நேத்து வரைக்கும் கடிக்கல" என்றார் அக்கா. "நேத்து ராத்திரி இதே சிங்க்லதான் அரிசி களைஞ்சேன். காலையில ஆறரைக்கு மேலதான்."

"ஆறரைக்குத்தான் வாசல் லைட்டப் போட்டேன்" என்றான் குமார். அப்புறம் என்னைப் பார்த்தான். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. "அண்ணே, நேத்து சாயங்காலம் வாசல் தூணுல ஒரு தகடு மாட்டினீங்களே. நான்தானே ஏணியப் புடிச்சேன்."

எல்லோரும் தூணைப் பார்த்தோம். பளபளக்கும் பித்தளைத் தகடு. 'மின்சார வேலை உபயம்: வயர்மேன் ஆறுமுகம் – சரோஜா குடும்பத்தார், ரஹாங்.' மூலைக்கு ஒன்றாக நான்கு திருகாணிகள். அந்தத் தூணுக்குள்தான் வாசல் விளக்குக்குப் போகும் வயர் இருக்கிறது. அதை அங்கே பதித்தவனும் நான்தான். எந்த உயரத்தில், எந்தப் பக்கமாக என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியும் என்றுதான் துளை போட்டேன்.

மேல் இடது திருகாணியைக் கழற்றினேன். நுனி கருத்திருந்தது. அது உள்ளே போய் மின்சார வயரையும் பச்சை வயரையும் ஒன்றாகக் குத்தி இணைத்திருக்கிறது. மற்ற மூன்றும் பழுதில்லாமல் வெளியே வந்தன.

"பேரு மட்டும் கரெக்டா இருக்கு" என்றார் அக்கா.

மணி ஏழு நாற்பது. பழுது கிடைத்துவிட்டது. குமாரின் கை மைக் பெட்டிப் பக்கம் போனது. கிராணி, "சரி, கண்டுபுடிச்சாச்சில்ல. மெயினப் போடுங்க" என்றார்.

தம்பி தங்கைகளே, இந்த நொடியைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பழுதைக் கண்டுபிடித்தவுடன் உடம்புக்குள் ஒரு சூடு வரும். நான் கெட்டிக்காரன் என்ற சூடு. அந்தச் சூட்டில்தான் நான் ஒரு வருடம் முன்பு குறுக்கு வயர் போட்டேன், முந்தின நாள் துளை போட்டேன். அன்று என் கை மெயினை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டது. நிறுத்தியது அறிவல்ல. ஒரு கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை: பியூஸ் ஏன் போகவில்லை?

காரிலிருந்து எர்த் மீட்டரை எடுத்துக்கொண்டு கருவறைக்குப் பின்னால் போனேன். மண் வெளுத்து, பாளமாக வெடித்திருந்தது. அபிஷேகத் தண்ணீர் விழும் துவாரத்தில் புத்தம்புதுப் பிளாஸ்டிக் குழாய் பொருத்தியிருந்தார்கள். அது சுவரோரமாகப் போய், வேலிக்கு அப்பால் ஒரு குழியில் முடிந்தது.

"இது எப்ப?"

"தைப்பூசத்துக்கு முன்னாடி பெயின்ட் அடிச்சப்போ" என்றார் கிராணி. "பால் நின்னு ஈ மொய்க்குது, வாடை அடிக்குது. அதான் சாக்கடைய மாத்தினோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா."

"சாக்கடைக்கும் கரண்ட்டுக்கும் என்னா சம்பந்தம்?"

நல்ல கேள்வி. சம்பந்தம் இருக்கிறது என்று நான் பதினோரு வருடத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்தத் தண்டுக்கு மேல் ஒரு சின்னப் பலகைகூட வைக்கவில்லை. ஆண்டுக்கொரு முறை மீட்டர் வைத்துப் பார்க்கவுமில்லை. கைப்பேசியில்தான் படம் இருந்ததே.

மீட்டரில் மூன்று இலக்கம் வந்தது. இரண்டு மாதமாக மழையும் இல்லை.

குமார் ஒரு வாளியோடு ஓடி வந்தான். "அண்ணே, ரெண்டு வாளி ஊத்துனா சரியாயிடுமா?"

"மீட்டர் சரியாயிடும்" என்றேன்.

கிராணியிடம் போய்ச் சொன்னேன். பால்குடம் எல்லாம் உள்ளே வந்து, கடைசிப் பெண் படியை விட்டு இறங்கும்வரை கோயிலில் மின்சாரம் கிடையாது. இ.எல்.சி.பி. ஒரு வருடமாகச் சும்மா கிடந்தது. வெட்டுமா என்று சோதிக்காமல் நம்ப முடியாது. எர்த் இல்லை. என் வேலையில் இன்னும் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அரை மணியில் எதற்கும் உத்தரவாதம் தர முடியாது.

"பாட்டு?"

"நாதஸ்வரம் இருக்கு."

"விசிறி?"

"ஒரு மணி நேரம் வேர்க்கட்டும்."

"கம்பியாவது பத்திரமா? மெயின் ஆஃப்ல இருக்குன்னு சொல்றீங்க. போன வருஷம் கழட்டிடுவேன்னு சொன்ன ஆளும் நீங்கதான்." அவர் கத்தவில்லை. கணக்கேட்டைப் பார்த்துப் பேசுகிற கிராணிக் குரலில் சொன்னார். "நீங்க புடிச்சுக் காட்டுங்க."

நியாயம்தான். வோல்ட் மீட்டரை எடுத்துக்கொண்டு கம்பிக்கு வந்தேன். மீட்டர் வைத்தேன். சைபர். மெயினைப் போய்ப் பார்த்தேன். இறங்கியிருந்தது. திரும்பி வந்து மறுபடியும் மீட்டர் வைத்தேன். சைபர். செருப்பைக் கழற்றி, குமாரின் வாளியிலிருந்த தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டு, கீழ்ப்படிக்குக் கீழே மண்ணில் நின்றேன். முப்பத்தைந்து வருடம் மற்றவர்களுக்கு 'பயப்படாதீங்க, தொடுங்க' என்று சொன்னவன். மீட்டரைக் கண் நம்பியது, கை நம்பவில்லை. வாசலில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"புடி தம்பி" என்றார் அக்கா. "குடும்பத்தோட பேரு போட்டிருக்கில்ல."

பிடித்தேன். ஒன்றும் இல்லை. அடுத்த கையாலும் பிடித்தேன். கிராணி தலையாட்டினார்.

இன்னொன்று மிச்சம் இருந்தது. இறக்கிய மெயினை வேறு யாரும் ஏற்றிவிடக் கூடாது. அதற்குப் பூட்டு வேண்டும், 'தொடாதே' என்று எழுதித் தொங்கவிட ஓர் அட்டை வேண்டும். உங்கள் பைகளில் இப்போது இரண்டும் இருக்கின்றன, பார்த்தேன், சந்தோஷம். என்னிடம் இரண்டும் இல்லை. அக்காவைக் காவலுக்கு நிற்கச் சொல்லிக் கேட்டேன்.

"இங்கேயே நிக்கணுமா?"

"யார் வந்தாலும் விடாதீங்க."

"கிராணி வந்தா?"

"கிராணி வந்தாலும்."

"நீ வந்தா?"

யோசித்தேன். "நான் வந்தாலும்."

அவர் பிளாஸ்டிக் கூடையை இழுத்துப் பெட்டிக்கு முன்னால் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, அகப்பையை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார். சட்னி பாதியில் நின்றது நின்றதுதான். அன்று சாம்பாரை மட்டும் வைத்து இட்லி பரிமாறினார். பசியாறியவர்களில் பாதிப் பேர் அதற்கும் என்னைத்தான் முறைத்தார்கள்.

எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குத் தவில் சத்தம் கேட்டது. செம்பனை மரங்களுக்கு நடுவே மஞ்சள் புடவைகள் தெரிந்தன. நான் கீழ்ப்படிக்குப் பக்கத்தில், ஒரு கை கம்பியிலேயே இருக்கும்படி நின்றுகொண்டேன். எடுக்க மனம் வரவில்லை. கம்பியில் மறுபடியும் மின்சாரம் வந்தால் முதலில் எனக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். இதை உங்களுக்குச் சோதனை முறையாகச் சிபாரிசு செய்யவில்லை.

முதல் பெண் வந்தாள். காலில் மஞ்சள் தண்ணீர். கம்பி. ஏறினாள். இரண்டாவது பெண், மூன்றாவது பெண். நாதஸ்வரக்காரர் வேர்த்து ஊற்ற வாசித்தார். பத்துப் பேர் ஏறியிருப்பார்கள். சமையல்கட்டுப் பக்கம் ஒரு சத்தம்.

"யாரு மெயின ஆஃப் பண்ணி வச்சது? ஒரே இருட்டா…" பந்தல்காரர்களில் ஒருவர். காலையில் லாரியில் மேசை ஏற்றப் போயிருந்தவர். அவருக்கு எதுவும் தெரியாது.

படியில் ஆறு பெண்கள் இருந்தார்கள். ஆறு கைகள் கம்பியில். என் கையோடு ஏழு. பெட்டிக்கும் எனக்கும் இடையில் நாற்பது அடியும் நூறு ஆட்களும்.

மரத்தால் கையில் அடிக்கும் சத்தம் ஒன்று கேட்டது.

"எட்றா கைய!"

"ஐயோ, அக்கா! லைட்டத்தானே போடப் போனேன்!"

"கண்ணு தெரியலன்னா வெளிய போய் நில்லு!"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். விளக்கு எதுவும் எரியவில்லை.

சரோஜா பதினெட்டாவதாக வந்தாள். காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். இடது கை தலைமேல் இருந்த குடத்தில் இருந்தது. வலது கையால் கம்பியைப் பிடித்து ஏழு படியும் ஏறினாள்.